ஜப்பான் ரெக்கார்டிலும் கேட்காத சத்தம்

எங்கள் வீட்டுக்குள் ஜாஸ் வந்ததற்குக் காரணம் ஒரு மேசை மின்விசிறி. எழுபதுகளின் நடுவில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்கு வந்து தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஊர் திரும்புகிறார், சாமான்களை வந்த விலைக்குக் கொடுக்கிறார் என்று மில்லில் பேசிக்கொண்டார்கள். மின்விசிறி வாங்கலாம் என்று போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் மின்விசிறி, கட்டில், அலமாரி, குளியலறை வாளி முதற்கொண்டு எல்லாம் போய்விட்டன. மிச்சம் கிடந்தது ஒரு ரெக்கார்டு பிளேயரும், ஓர் அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளும்தான். பஸ் மாறிப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்ப மனசு வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் சமயநல்லூரிலிருந்து என்னைப் பார்க்க வந்த அப்பா, பிளேயரின் மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல காத்து வருமாடா?"

"வராதுப்பா."

அதற்குமேல் அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வயலில் தண்ணீர் இருக்கிறதா என்ற பேச்சுக்குப் போய்விட்டோம்.

பெட்டியில் இருந்தது முழுக்க ஜாஸ். அது ஜாஸ் என்பது அட்டையில் எழுதியிருந்ததால் எனக்குத் தெரிந்தது. முதல் மாதம் எனக்கு அது பிடித்தது என்று சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று கேட்டேன். கேட்கக் கேட்க, ஒரு தட்டு மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. அதில் இரண்டாம் பக்கத்தின் முதல் உருப்படி. சாக்ஸபோன்காரர் மெதுவாக ஊதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்திவிடுவார். பின்னால் தடித்து ஒலிக்கும் பாஸ் தந்தியும் நின்றுவிடும். அப்போது டிரம் வாசிப்பவர் தன்னுடைய பித்தளைத் தட்டை ஒரே ஒரு முறை தொடுவார். அடிக்க மாட்டார், தொடுவார். ஒரு மெல்லிய சத்தம் எழும்பி, மறைவதற்குத் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அது மறைந்த பிறகுதான் சாக்ஸபோன் திரும்பத் தொடங்கும். அந்த ஒரு சத்தத்துக்காக மொத்தப் பாட்டையும் கேட்பேன். எனக்கு வேலையிலும் வீட்டிலும் கிடைக்காத ஏதோ ஒரு நிம்மதி அதில் இருந்தது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

வேலை பஞ்சு மில்லில். நூல் நூற்கும் பிரிவில் மேஸ்திரியாக இருந்தேன். நீளநீளமான இயந்திரங்கள், வரிசை வரிசையாக, மூன்று ஷிப்டும் ஓடும். உள்ளே யார் பேசினாலும் குரல் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். பழகிவிட்டால் ஒரு கோடியில் நிற்பவன் இன்னொரு கோடியில் நிற்பவனிடம் மாமியார் சங்கதி முழுவதையும் சத்தமே இல்லாமல் சொல்லி முடித்துவிடலாம். எனக்குக் கல்யாணமான புதிதில், மனைவி பேசும்போது அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

அவளுக்குத் திருமங்கலத்துக்குத் தெற்கே ஊர். கடலையும் பருத்தியும் போடுகிற குடும்பம். ஜாஸை அவள் "அந்த ஊதல்" என்பாள். பிடிக்கும் பிடிக்காது என்று சொன்னதில்லை. நான் ரெக்கார்டு போட்டால் அவள் அடுப்படியில் இருப்பாள்.

ஒரு சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அவள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவதாக இருந்தது. விருந்தாளி வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டைக் கழுவிவிடுவார்கள். ஜன்னல் கம்பி, சாமி படம், குத்துவிளக்கு, உரல் எதையும் விட மாட்டார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ரெக்கார்டை ஊதி ஊதித் துடைப்பதை அவள் பார்த்திருக்கிறாள். பாவம், மனுசன் கஷ்டப்படுகிறாரே என்று நினைத்திருக்கிறாள். நான் ஷிப்டுக்குப் போயிருந்த சமயத்தில் அத்தனை தட்டையும் எடுத்து, சீயக்காய் போட்டுக் கழுவி, மொட்டைமாடியில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் வரிசையாகக் காய வைத்துவிட்டாள்.

மதுரைச் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நான் வந்து பார்த்தபோது மிளகாய் பாதிதான் காய்ந்திருந்தது. ரெக்கார்டுகள் பொரித்த அப்பளமாகியிருந்தன.

அன்று நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. விருந்தாளிகள் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அவளுடைய பெரியப்பா ஒருவர் நிலைமையை விசாரித்து அறிந்து, அவற்றை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றினார். திருவிழா முடிந்து கல்லை இறக்கியபோது அப்பளம் நிமிர்ந்து வேறொரு வடிவத்துக்கு வந்திருந்தது. சிலவற்றில் ஊசி நின்றது. என்னுடைய தட்டில் நிற்கவில்லை.

"நான் நல்லதுக்குத்தாங்க செஞ்சேன்" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

உண்மையிலேயே தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் போய்விட்டதே என்ற துக்கம் எனக்கு இருந்தது. அதைத் திரும்பக் கேட்டுவிட வேண்டும் என்ற பிடிவாதமும் அன்றைக்குத்தான் வந்தது. அடுத்த ஏழெட்டு வருடங்கள் அந்தப் பிடிவாதத்தில்தான் போயின.

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் ரெக்கார்டு கடை வைத்திருந்த பாய் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னை மாப்ள என்பார். நான் பாய் என்பேன். அவர் கடையில் சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும்தான் ஓடும். ஜாஸ் கேட்டு அவர் கடைக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். கடைசி ஆளும் நானாகத்தான் இருந்திருப்பேன். அட்டையைக் காட்டினேன். பம்பாயில் தனக்குச் சரக்கு அனுப்புகிறவரிடம் சொல்லி, அதே ரெக்கார்டின் புதுப் பதிப்பு ஒன்றை வரவழைத்தார்.

அட்டையில் அதே படம், கொஞ்சம் மங்கலாக. வீட்டுக்கு ஓடி வந்து போட்டேன். சாக்ஸபோன் வந்தது. பாஸ் வந்தது. இரண்டும் நின்றன. பித்தளைத் தட்டின் சத்தம் இருந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. ஏதோ வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. அதைச் சுற்றி ஒரே இரைச்சல். கள்ளப் பதிப்பு, மட்டமான பிளாஸ்டிக் என்று முடிவு கட்டினேன்.

இரண்டாவது பதிப்பு, பழைய ஒலிப்பதிவை ஸ்டீரியோவாக மாற்றியது என்று பெருமையாக அட்டையில் போட்டிருந்தது. சாக்ஸபோன்காரர் குளியலறைக்குள் நின்று ஊதுகிற மாதிரி இருந்தது. பித்தளைத் தட்டு சுத்தமாக இல்லை. மூன்றாவது, கேசட். அதைப் பற்றிப் பேசவே எனக்கு இஷ்டமில்லை. இடையில் பிளேயரின் ஊசியை மாற்றினேன். பிறகு பிளேயரையே மாற்றினேன். ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆசாரியிடம் சொன்னேன், அவர் அதைப் பூஜை அலமாரி அளவுக்குச் செய்து கொண்டுவந்தார். அதற்குக் கதவு வேறு வைத்திருந்தார். எதுவும் பலிக்கவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். ஒவ்வொரு பதிப்பிலும் இரைச்சல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. விஞ்ஞானம் முன்னேறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் கடையிலேயே போட்டுப் பார்ப்போம் என்று ஒருநாள் ஒரு பதிப்பைக் கடையில் வைத்துக் கேட்டோம். அந்த இடம் வந்து போனது. நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"என்ன மாப்ள, கிண்ணுன்னு ஒண்ணு வந்துச்சே?"

"அது இல்ல பாய். அது இன்னும் நைசா இருக்கும். ஒங்களுக்குப் பழக்கம் இல்ல, பிடிபடாது."

பாய் என்னை மரியாதையாகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. அன்று முதல், என் காது சாதாரணக் காது இல்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். புதிதாக ஸ்டீரியோ செட் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஒரு பேராசிரியர் தன் செட்டை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஆரப்பாளையம் வீட்டுக்கே வந்தார். நான் கண்ணை மூடிக் கேட்பேன். எல்லாருக்கும் ஒரே தீர்ப்புதான்: டிரெபிள், அதாவது கீச்சுச் சத்தம், பத்தாது, அந்தக் குமிழை முழுசாகத் திருப்பி வையுங்கள். அப்படியே செய்தார்கள். பேராசிரியர் ஒரு மாதம் கழித்து பஸ்ஸில் பார்த்தபோது, செட் பிரமாதமாக இருக்கிறது, வீட்டு நாய்தான் எங்கோ போய்விட்டது என்றார். நாய்க்கு இசை ஞானம் கிடையாது என்று நான் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

ரெக்கார்டைக் காய வைத்ததை என் மனைவி மறக்கவில்லை. நானாவது சில நாள் மறந்திருப்பேன். அவளுடைய தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலையாக இருந்தான். அவன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஊரே அவனிடம் ஏதாவது கேட்கும். தைலம், டார்ச் லைட், நைலக்ஸ் சேலை. அவள் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. ஒரு தடவை அவன் திரும்பும்போது என் பழைய அட்டையைப் பிளேயருக்கு அடியிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து, பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்த ஒரு ரெக்கார்டை எடுத்து நீட்டினான்.

"ஜப்பான்ல போட்டது மச்சான். கடைக்காரன் சத்தியம் பண்றான், இதுக்கு மேல ஒலகத்துல சுத்தமான பதிப்பு கெடையாதாம்."

தட்டு கனமாக இருந்தது. கண்ணாடி மாதிரி மினுங்கியது. மச்சினன் சாப்பிட்டுவிட்டுத் திருமங்கலம் பஸ் ஏறும்வரை நான் அதைத் தொடவில்லை. பிறகு கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, தட்டை வைத்தேன். சாக்ஸபோன் இத்தனை வருடத்தில் கேட்டிராத அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஊதுகிறவர் மூச்சு வாங்குவது கேட்டது. பாஸ் தந்தியின் அதிர்வு தரையில் தெரிந்தது. சாக்ஸபோன் நின்றது. பாஸ் நின்றது. காத்திருந்தேன். சாக்ஸபோன் திரும்பத் தொடங்கிவிட்டது.

"ஜப்பான்காரனும் ஏமாத்திட்டான்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அடுப்படியிலிருந்து அவள் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் முகம் வாடிவிட்டது. "என்னதாங்க இல்லை அதுல?" என்றாள். யோசித்துப் பார்த்தால், எதைத் தேடுகிறேன் என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன், பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறேன், பூஜை அலமாரி செய்த ஆசாரியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். ஊதல் நிற்கும், தந்தி நிற்கும், அப்போது ஒரு பித்தளைத் தட்டை லேசாகத் தொடுவான், அந்தச் சத்தம் வேண்டும்.

"அதுவா?" என்றாள். "அதுதான் வந்துச்சே."

"எப்ப?"

"இப்பத்தான். ஊதல் நின்னதும் வந்துச்சுல்ல."

ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தேன். அந்த இடம் வந்ததும் அவள் விரலை உயர்த்தினாள். எனக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஊதலுக்கும் ஊதலுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் மட்டும் இருந்தது.

"நீங்க வேற ஏதோ தேடுறீகன்னுல நெனச்சேன்" என்றாள். "இது எல்லாத்துலயும் வந்துச்சே. பம்பாய்த் தட்டுலயும் வந்துச்சு. அந்தக் கேசட்டுலகூட வந்துச்சு."

பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். ஈரக் கையோடு நின்று, ஒவ்வொன்றிலும் சரியாக அதே இடத்தில் அவள் விரலை உயர்த்தினாள். கடைசித் தட்டு வந்தபோது அவள் விரலைத் தூக்கவே தயங்கினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நான் பயந்துபோயிருந்தேன்.

மறுவாரம் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே ஒரு காது டாக்டரிடம் போனோம். அவர் கவை போன்ற இரும்புக் கம்பிகளை முழங்கையில் தட்டிக் காதருகே பிடித்தார். பெரிய கம்பிகள் கேட்டன. சிறியது ஒன்றை எடுத்துப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

"தட்டுங்க சார்" என்றேன்.

"தட்டிட்டேன்" என்றார்.

என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எத்தனை வருடமாக என்று கேட்டார். அதையும் சொன்னேன். கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பி வராது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அவர் கோபக்காரர். "பஞ்சு மில்லுல நிக்கிறீங்க. சுத்திப் பஞ்சு பறக்குது. ஒரு துளி எடுத்துக் காதுல வச்சுக்கத் தோணலையாய்யா ஒருத்தனுக்கும்?" என்றார்.

அவர் வடக்கே எங்கோ படித்தவர் போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவருடைய காதிலும் மூக்கிலும் பஞ்சு வைப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். அதன் பிறகு அவர் எழுந்து நடக்க மாட்டார். மில்லில் எங்கள் தலையில், மீசையில், புருவத்தில் எல்லாம் பஞ்சு படிந்திருக்கும். காதுக்குள் மட்டும் எவனும் வைக்க மாட்டான். தானாகப் பறந்து வந்து ஒட்டினால்கூடச் சுண்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான். இது எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததும் இல்லை.

டாக்டர் சொல்லிவிட்டாரே என்று மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, கண்ணாடி முன்னால் நின்று இரண்டு காதிலும் பஞ்சை வைத்தேன். டிபன் பாத்திரத்தோடு வந்தவள் என்னைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே போட்டாள். அது விழுந்தது மங்கலாகத்தான் கேட்டது. ஓடி வந்து இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என் கண்ணு முன்னாடி இதை வைக்கலாமா?"

"காது போயிரும்ங்கிறாரு டாக்டரு."

"போகட்டும். ஆளு இருந்தாப் போதும்."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. நான் வெறும் காதோடு போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவள் தன்னுடைய பழைய அரக்குச் சேலை ஒன்றைக் கிழித்து, சிறுசிறு துண்டாகத் திரித்து, தேங்காயெண்ணெய் தொட்டு ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் எட்ட நின்று பார்த்து, "இது பரவாயில்ல" என்றாள். சேலையும் பருத்திதான், பருத்தியும் பஞ்சுதான் என்று நான் சொல்லவில்லை.

மில்லில் முதல் நாள் வாயசைவிலேயே கேலி செய்தார்கள். என்னண்ணே, அண்ணி முந்தானைய விட மாட்டீகளா என்றான் ஒருவன். டாக்டர் சொன்னதை அதே வாயசைவில் சொன்னேன். அதன் பிறகு மெதுவாக ஒவ்வொருவர் காதிலும் பச்சை, ஊதா, மஞ்சள் என்று அவரவர் வீட்டுச் சேலை தெரிய ஆரம்பித்தது. கல்யாணமாகாதவர்கள் அம்மாவின் சேலையைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள்.

பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "ஒம் பேச்சக் கேட்டு எம்புட்டு ரெக்கார்ட நல்லால்லன்னு பம்பாய்க்குத் திருப்பி அனுப்பியிருக்கேன் மாப்ள" என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். டிரெபிள் குமிழை முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு எத்தனை வீடுகள் வருடக்கணக்கில் என்ன பாடுபட்டிருக்கும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. பேராசிரியரைப் பஸ்ஸில் பார்த்தால் இறங்கிவிடுவேன்.

ஜப்பான் ரெக்கார்டை வெகுநாள் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே அதை எடுத்துக்கொண்டு வந்து பிளேயர் மேல் வைத்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அடுப்படியிலோ நிலையிலோ நிற்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது. அந்த இடம் வந்து போனதும் நான் கேட்டேன்.

"எப்படி இருக்கு அந்தச் சத்தம்?"

அவள் யோசித்தாள்.

"எங்கூர்ல மத்தியானத்துல மாடு அசை போட்டுக்கிட்டே கண்ணசரும். ஈ ஒண்ணு வந்து உக்காந்தா தலைய லேசா ஆட்டும். அப்ப கழுத்துமணி ஒரு தடவை தொட்டுட்டு விட்டுரும். அம்புட்டுத்தான்."

நான் முன்பு கேட்டது அதுதானா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. நினைவிலிருந்தும் அது தேய்ந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு நான் புதுப் பதிப்பு எதுவும் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தால் அவள் வந்து உட்காருவாள். அந்த இடம் வந்ததும் விரலை உயர்த்த மாட்டாள், என் முழங்கையைத் தொடுவாள். எனக்கு அது போதும் என்று சொன்னால் பொய். போதவில்லை. அதனால் ஊசியைத் தூக்கித் திரும்ப அதே இடத்தில் வைப்பேன், அவளும் சலிக்காமல் திரும்பத் தொடுவாள்.